அழுதால்தான் ஆறுமா? மூச்சு, உடல், உணர்ச்சி: வாசகர் கேள்வி - பதில்

மூச்சுப் பயிற்சியாலும், உடலின் இறுக்கத்தையும் அசைவையும் கவனித்துச் செய்யும் உடல்வழிச் சிகிச்சையாலும் உள்ளே தேங்கிய உணர்ச்சிகளை வெளியேற்றலாம் என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. இதுபற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு மனநலச் சிகிச்சையாளர்களும் இயன்முறை மருத்துவர்களும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

துக்கம் இடுப்பில் தங்கும், கோபம் தாடையில் தங்கும் என்கிறார்கள். உணர்ச்சி நிஜமாகவே உடலில் சேர்ந்துகிடக்கிறதா?

தசைக்குள் துக்கம் என்று ஒரு பொருள் கிடப்பதில்லை. ஆனால் நீங்கள் உணரும் இறுக்கம் கற்பனையும் இல்லை. ஆபத்து என்று பட்டவுடன் மூளை உடலைத் தயார் செய்கிறது. தாடை இறுகும், தோள்கள் காதை நோக்கி ஏறும், வயிறு உள்ளே இழுத்துக்கொள்ளும், மூச்சு மேல் நெஞ்சோடு நின்றுவிடும். ஓடவோ எதிர்க்கவோ வாய்விட்டு அழவோ முடிந்தால் இந்தத் தயார்நிலை தானாகக் கலையும். அப்படி எதுவும் செய்ய இடமில்லாத வீட்டிலோ வேலையிலோ பல வருடம் இருந்தவருக்கு இறுக்கமே பழக்கமாகிவிடுகிறது. பிறகு ஆபத்து போனாலும் அதே மாதிரி ஒரு குரல், ஒரு வாசனை போதும். என்ன நடந்தது என்று நினைவு வருவதற்குள் உடல் இறுகிவிடும்.

1930களில் உளப்பகுப்பாய்வாளர் வில்ஹெல்ம் ரைக் இதைத் தசைக் கவசம் என்று விவரித்தார். இன்றைய உடல்வழிச் சிகிச்சைகள் பலவற்றுக்கும் தொடக்கம் அங்கே இருக்கிறது. கவனித்துச் சொன்னது சரி. அவர் பிற்காலத்தில் அதற்குத் தந்த ஆற்றல் விளக்கங்கள் நிற்கவில்லை. இடுப்பின் ஆழ்தசையை நீட்டும்போது சிலருக்கு அழுகை வருவதும் உண்மைதான். அதற்காக எந்த உணர்ச்சி எந்தத் தசையில் என்று வரைந்து விற்கப்படும் படங்களை நம்ப வேண்டாம். அவற்றுக்கு ஆதாரம் கிடையாது.

இந்த விளக்கத்தால் நடைமுறையில் ஒரு பெரிய வித்தியாசம் வருகிறது. உள்ளே ஒரு பொருள் கிடந்தால் ஒரே நாளில் பிடுங்கி எறியப் பார்க்கலாம். நரம்பு மண்டலம் கற்றுக்கொண்ட பழக்கம் என்றால் அதை மெல்ல, பலமுறை, சிறிய அளவில் மாற்றிக் கற்பிக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாப் பதில்களுக்கும் இதுதான் அடிப்படை.

வீட்டிலேயே தொடங்க விரும்புகிறேன். எதைச் செய்வது, எவ்வளவு நேரம்?

முதல் இரண்டு வாரம் உணர்ச்சியைத் தேடிப் போகாதீர்கள். உடல் தணியக் கற்றுக்கொள்வதே முதல் வேலை.

நாற்காலியில் சாய்ந்து உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில் பதியட்டும். ஒரு கையை மேல் வயிற்றில் வையுங்கள். மூக்கு வழியாக 4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே. நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். சாதாரணமாக ஓய்வில் இருக்கும்போது ஒருவர் 12 முதல் 20 வரை விடுகிறார் என்பதால், தொடக்கத்தில் இது தடுமாற்றமாக இருந்தால் 3 விநாடி, 5 விநாடி என்று குறைத்துக்கொள்ளுங்கள். ஒருவேளைக்கு 5 நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை. மூச்சை உள்ளே அடக்க வேண்டாம்.

வெளிமூச்சு ஏன் நீளமாக இருக்க வேண்டும்? உள்மூச்சில் இதயத் துடிப்பு சற்று வேகமாகிறது. வெளிமூச்சில், மூளையிலிருந்து இதயத்துக்கு வந்து துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பின் பிடி கூடுவதால், குறைகிறது. நாடியில் விரலை வைத்துப் பார்த்தால் பலருக்கும் இது தெரியும்.

இதில் நிறையப் பேர் செய்யும் பிழை, மெதுவாக விடச் சொன்னால் ஆழமாக இழுப்பது. நெஞ்சு நிறைய இழுத்து மெதுவாக விட்டாலும் தேவைக்கு மேல் காற்று போய் வரும். ஐந்தாவது நிமிடத்தில் தலை கிறுகிறுக்கும். மூச்சு மெதுவாகவும் சிறியதாகவும் இருக்கட்டும். வயிற்றில் வைத்த கை லேசாக எழுந்தால் போதும். பக்கத்தில் இருப்பவருக்கு மூச்சுச் சத்தம் கேட்கக் கூடாது.

மூன்றாவது வாரத்தில் தசைத் தளர்வைச் சேர்க்கலாம். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920களில் வகுத்த முறையின் சுருக்கம் இது. கைமுட்டிகள், முன்கை, தோள், தாடை, வயிறு, தொடை, பாதம் என்ற வரிசையில் ஒவ்வொரு பகுதியையும் 5 முதல் 7 விநாடி இறுக்கி, சட்டென்று விட்டு, 20 விநாடி அந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். முழு பலத்தையும் போட்டு இறுக்கினால் கெண்டைக்காலிலும் பாதத்திலும் தசைப்பிடிப்பு வரும். பாதி பலம் போதும். அடிபட்ட, வலிக்கிற பகுதியை விட்டுவிடுங்கள். படுக்கப் போகும் முன் செய்தால் பாதியில் தூங்கிவிடுவீர்கள். தூக்கத்துக்கு அது நல்லதுதான். ஆனால் இறுக்கத்தை அடையாளம் காணக் கற்க வேண்டுமென்றால் பகலில் ஒருமுறையாவது விழித்திருந்து செய்ய வேண்டும்.

அவசரத்துக்கு ஒன்று: மூக்கால் ஒரு முழு மூச்சு, அதன் மேலேயே இன்னொரு சிறு மூச்சு, பிறகு வாயால் நீண்ட பெருமூச்சு. இரண்டு மூன்று முறை போதும். இதையே தினமும் 5 நிமிடம், ஒரு மாதம் செய்தவர்களின் மனநிலை, அதே நேரம் தியானம் செய்தவர்களைவிடக் கூடுதலாக மேம்பட்டதாக ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2023இல் காட்டியது. ஆரோக்கியமானவர்களிடம் செய்த ஆய்வு என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

ஒரு முகாமில் பாட்டுப் போட்டு, படுக்கவைத்து, ஒரு மணி நேரம் வேகமாக மூச்சு விடச் சொன்னார்கள். உதடு மரத்தது, விரல்கள் உள்ளே மடங்கிப் பிரிக்க முடியவில்லை, பிறகு கதறி அழுதேன். 'அடக்கி வைத்தது வெளியேறுகிறது' என்றார் பயிற்சியாளர். சரிதானா?

அழுகையைப் பற்றிப் பிறகு பேசுவோம். விரல் மடங்கியதற்கு உணர்ச்சியோடு சம்பந்தம் இல்லை. அது ரத்த வேதியியல்.

வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விடும்போது உடல் உண்டாக்குவதைவிட அதிகக் கரியமில வாயு வெளியேறுகிறது. தமனி ரத்தத்தில் அதன் அழுத்தம் வழக்கமாக 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம். சில நிமிடங்களிலேயே இது வெகுவாக இறங்கிவிடும். கரியமில வாயு குறைந்தால் ரத்தத்தின் காரத்தன்மை கூடும். அப்போது ரத்தத்தில் தனியாகத் திரியும் கால்சியத்தின் ஒரு பங்கு புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்தக் கால்சியம் குறையும்போது நரம்புகள் தூண்டல் இல்லாமலே துடிக்கத் தொடங்கும். உதட்டைச் சுற்றி ஊறல், விரல் நுனியில் குத்தல், கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்குவது எல்லாம் இதனால்தான். வாழ்க்கையில் ஒரு துக்கமும் இல்லாத ஒருவர் இப்படி மூச்சு விட்டாலும் விரல் மடங்கும்.

அதே நேரத்தில் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. கரியமில வாயு அழுத்தம் ஒவ்வொரு மில்லிமீட்டர் இறங்கும்போதும் மூளைக்குப் போகும் ரத்தம் ஏறத்தாழ 2 முதல் 4 சதவீதம் குறைகிறது. போதாததற்கு, ரத்தத்தின் சிவப்பணுக்கள் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொண்டு திசுக்களுக்கு எளிதில் விடுவதில்லை. 'மூளைக்கு ஆக்சிஜன் வெள்ளமாகப் பாய்கிறது' என்று சொல்லிக்கொடுப்பவர்கள் நேர்மாறாகச் சொல்கிறார்கள். காட்சிகள் தோன்றுவது, உடல் மிதப்பது, அடக்கம் தளர்ந்து அழுகை பொங்குவது எல்லாம் இந்த மாறிய நிலையில் நிகழ்கின்றன.

இந்த முறையின் நவீன வடிவத்தை 1970களில் உளமருத்துவர் ஸ்தானிஸ்லாவ் க்ரோஃபும் அவர் மனைவி கிறிஸ்டினாவும் உருவாக்கினார்கள். அவர்கள் முறைப்படி ஒருவர் மூச்சு விட இன்னொருவர் கூடவே துணையிருப்பார். முன்கூட்டியே உடல்நலம் விசாரிக்கப்படும். முடிந்தபின் பேச நேரம் ஒதுக்கப்படும். பெரிய கூட்டமாகப் படுக்கவைத்து, யாருக்கு என்ன நோய் என்று கேட்காமல் நடத்துவதில் இந்தக் காப்பு எதுவும் இல்லை. எங்கள் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறோம்: பழைய காயம் உள்ளவர் தொடங்க வேண்டிய இடம் இது அல்ல. நினைவு முழு வேகத்தில் திரும்பி வந்து, தாங்க ஆள் இல்லாமல் தனியே அனுபவித்தால், பயத்தைத்தான் நரம்பு மண்டலம் மறுபடி கற்றுக்கொள்ளும்.

விரல் மடங்கினால் வேகத்தை நிறுத்தி மூக்கால் சின்ன மூச்சாக விடுங்கள். சில நிமிடங்களில் தளரும். காகிதப் பையில் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம். மூச்சுத்திணறலுக்கு நுரையீரலோ இதயமோ காரணமாக இருந்தால் அது ஆபத்தாகிவிடும். இன்னொன்று, இதில் விளையாட்டே கூடாது: வேகமூச்சு விட்டுவிட்டுத் தண்ணீரில் முங்கி மூச்சடக்குவது. மூச்சு முட்டும் உணர்வைத் தருவது பெரும்பாலும் கரியமில வாயுதான். அதை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டால் எச்சரிக்கை வருமுன் நினைவு தப்பும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள்.

யார் வேகமூச்சுப் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும்?

கர்ப்பிணிகள், வலிப்பு உள்ளவர்கள், இதய நோய் அல்லது கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், மூளைத் தமனி வீக்கம் இருப்பவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், கண் அழுத்த நோயோ விழித்திரைப் பிரச்சினையோ உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், கடுமையான ஆஸ்துமா உள்ளவர்கள். மனச்சிதைவு, இருதுருவ மனநோய் வந்தவர்களும் அப்படியே. கபாலபாதி, பஸ்திரிகா போன்ற யோக வேகமூச்சுகளை நீண்ட நேரம் செய்வதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மேலே சொன்ன 4 - 6 மெதுமூச்சு இவர்களில் பெரும்பாலோருக்குப் பாதுகாப்பானதுதான். ஆனாலும் சிகிச்சை தரும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மூச்சைக் கவனிக்கச் சொன்னாலே எனக்குப் பதற்றம் கூடுகிறது. நெஞ்சு அடைக்கிறது. எனக்கு மட்டும் ஏன்?

உங்களுக்கு மட்டும் இல்லை. பதற்றத் தாக்குதல் வந்தவர்களுக்கும், மூச்சு முட்டும் அனுபவத்தை உள்ளடக்கிய கொடுமைக்கு ஆளானவர்களுக்கும் நெஞ்சு, தொண்டை, வயிறு ஆகியவையே அபாய மணி அடிக்கும் இடங்கள். அங்கே கவனத்தைக் குவித்தால் ஒவ்வொரு சிறு மாற்றமும் ஆபத்தாகப் படும். கண்ணை மூடினால் இன்னும் மோசமாகும்.

மூச்சை விட்டுவிடுங்கள். கண் திறந்தே இருக்கட்டும். தலையை மெதுவாகத் திருப்பி அறையைச் சுற்றிப் பாருங்கள். கதவு எங்கே, ஜன்னல் எங்கே என்று கண் நின்று நின்று நகரட்டும். பாதத்தால் தரையை லேசாக அழுத்தி விடுங்கள், பத்து முறை. முதுகு நாற்காலியில் படும் இடத்தைக் கவனியுங்கள். உடலில் நன்றாகவோ அல்லது வெறுமனே தொந்தரவில்லாமலோ இருக்கும் ஓர் இடம் எது? கை, மூக்கு நுனி, முழங்கால், எதுவானாலும் சரி. அங்கே அரை நிமிடம் தங்குங்கள்.

இது சில நாளில் எளிதானபின் இறுக்கமான இடத்தின் ஓரத்துக்குப் போகலாம், நடுவுக்கு வேண்டாம். 10 விநாடி அங்கே, பிறகு மறுபடி தொந்தரவில்லாத இடத்துக்கு 30 விநாடி. இப்படி மூன்று நான்கு முறை போய்வந்தால் அன்றைக்குப் போதும். வேதனைக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். 6ஐத் தொட்டால் நிறுத்திவிடுங்கள். மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டுவது போன்ற இந்த முறையையும், இரண்டு இடங்களுக்கு இடையே ஊசலாடும் கவனத்தையும் 1970களிலிருந்து பீட்டர் லெவின் தன் உடல்வழிச் சிகிச்சையின் மையமாக வைத்தார். நெஞ்சுவலியும் படபடப்பும் முதல்முறையாக வந்திருந்தால் பதற்றம் என்று நீங்களே முடிவுசெய்யாமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

உடல்வழிச் சிகிச்சைக்குப் போனால் என்ன செய்வார்கள்? கண்டிப்பாகத் தொடுவார்களா?

தொடாமலே முழுச் சிகிச்சையும் நடக்க முடியும், பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஆடையோடு எதிரெதிரே உட்கார்ந்து பேசுவீர்கள். பேச்சு நடுவே 'இதைச் சொல்லும்போது தோளில் என்ன நடக்கிறது?' என்று கேட்பார். தோள் பின்னுக்குப் போகிறது என்றால் அந்த அசைவை மிக மெதுவாக முடிக்கச் சொல்வார். கை எதையோ தள்ளப் பார்க்கிறது என்றால் சுவரையோ ஒரு தலையணையையோ தள்ளச் சொல்வார். நடந்ததை முழுதாக விவரிக்கச் சொல்லி வற்புறுத்த மாட்டார். அமர்வின் கடைசி 10 நிமிடம் உங்களைத் தணித்து வெளியே அனுப்புவதற்கானது. அழுத கண்ணோடு நேரம் முடிந்தது என்று அனுப்புகிறவர் தொழிலை அறியாதவர்.

தொடுவதாக இருந்தால் எங்கே, எதற்கு, எவ்வளவு நேரம் என்று முன்பே சொல்லி, ஒவ்வொரு முறையும் சம்மதம் கேட்க வேண்டும். இடையில் 'வேண்டாம்' என்றால் உடனே கை விலக வேண்டும். 'எதிர்ப்பு காட்டுகிறீர்கள், அதனால்தான் குணமாகவில்லை' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மனநலத்தில் முறையான படிப்பு உண்டா, இந்த முறையில் தனிப் பயிற்சி எத்தனை வருடம், தன் சிகிச்சையை மேற்பார்க்க மூத்தவர் ஒருவர் இருக்கிறாரா, அமர்வுக்கு இடையே நெருக்கடி வந்தால் என்ன ஏற்பாடு என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்பட்டால் அதுவே பதில்.

ஆதாரம் எவ்வளவு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்துக்கு உலக சுகாதார அமைப்பு 2013இல் பரிந்துரைத்தவற்றில் முக்கியமானவை, அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிதல் நடத்தைச் சிகிச்சையும் கண் அசைவு வழியிலான ஈ.எம்.டி.ஆர். சிகிச்சையும். உடல்வழிச் சிகிச்சைகளுக்கு நம்பிக்கை தரும் சில ஆய்வுகள் உண்டு, எண்ணிக்கையில் குறைவு. அவற்றுக்கு விளக்கமாகச் சொல்லப்படும், பயத்தையும் தணிவையும் வேகஸ் நரம்பைக் கொண்டு விளக்கும் பாலிவேகல் கோட்பாட்டின் உடலியல் கூற்றுகளையும் பல ஆய்வாளர்கள் மறுக்கிறார்கள். பேச்சு உறைந்துபோகிறவர்களுக்கு, நடந்ததைச் சொல்லவே வாய் வராதவர்களுக்கு, உடல்வழி ஒரு நல்ல நுழைவாயில் என்பது எங்கள் மதிப்பீடு. இரண்டையும் சேர்த்துத் தரத் தெரிந்தவர் கிடைத்தால் நல்லது.

கோபத்தை வெளியேற்றத் தலையணையை அடிக்கச் சொல்கிறார்கள். பலன் உண்டா?

அந்த நிமிடம் இதமாக இருக்கும், கோபம் குறையாது. கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையை அடித்தவர்கள், சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிடக் கூடுதல் கோபத்தோடு இருந்தார்கள் என்று 2002இல் வந்த ஒரு பரிசோதனை காட்டியது. மாற்றாக, சுவரில் இரு உள்ளங்கையையும் வைத்து, முழு பலத்தில் மூன்றில் ஒரு பங்கால் 8 விநாடி தள்ளுங்கள். பிறகு 15 விநாடி எடுத்துக்கொண்டு மெல்ல விடுங்கள். ஐந்து முறை. யாரையும் மனத்தில் ஓட்டாமல், முதுகிலும் கையிலும் பலம் வருவதை மட்டும் கவனியுங்கள். பற்களைக் கடித்துக்கொண்டு மூச்சடக்கித் தள்ளினால் பழைய இறுக்கத்தையே பயிற்சி செய்ததாகும். வாய் சற்றுத் திறந்தே இருக்கட்டும்.

அப்பா இறந்து எட்டு மாதமாகிறது. ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. உள்ளே அடைத்துக்கிடக்கிறது, மூச்சுப் பயிற்சியால் உடைத்துவிடு என்கிறாள் தோழி. பயமாக இருக்கிறது.

எதையும் உடைக்க வேண்டியதில்லை. கண்ணீர் வராததால் பாசம் இல்லை என்றோ நோய் என்றோ ஆகிவிடாது. துயரில் இருப்பவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளில், ஆரம்பத்தில் அழாமல் இருந்துவிட்டுப் பின்னால் மொத்தமாக உடைந்துபோகிறவர்கள் அரிதாகவே தென்பட்டார்கள். சிலர் வேலையில் துக்கப்படுவார்கள், சிலர் அப்பாவின் வழக்கங்களைத் தொடர்வதில்.

நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு. தூக்கம் எப்படி? அப்பாவின் பெயர் வந்தால் உடல் மரத்துப்போய் அறையை விட்டு விலகுகிறீர்களா? அவர் பொருட்களைத் தொடவே முடியவில்லையா? எதிலும் பிடிப்பில்லாமல் நாட்கள் நகர்கின்றனவா? 6 மாதத்துக்கு மேலும் ஏக்கமோ துயரமோ தீவிரமாக நீடித்து அன்றாட வாழ்க்கையை முடக்கினால் அதை நீடித்த துயர நோய் என்று உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடு குறிக்கிறது. அதற்கெனத் தனிச் சிகிச்சை இருக்கிறது. இவை எதுவும் இல்லையென்றால் உங்கள் துக்கம் அதன் வழியில் போய்க்கொண்டிருக்கிறது. விரும்பினால் அவருடைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நெஞ்சில் ஒரு கை வைத்து, பத்து மெதுமூச்சு விடுங்கள். அழுகை வந்தால் வரட்டும், வராவிட்டாலும் அது பலன் தராத பயிற்சி ஆகாது.

சிகிச்சை அமர்வுக்குப் பிறகு உடல் நடுங்கியது, மறுநாள் முழுக்கச் சோர்வு. இது நல்லதா, கெட்டதா?

லேசான நடுக்கம், கொட்டாவி, கண்ணில் நீர், வயிற்றுச் சத்தம், ஒரு நாள் சோர்வு எல்லாம் சாதாரணம். நடுக்கம் தொந்தரவாக இருந்தால் காலை நீட்டி, பாதத்தைச் சுவரில் அழுத்துங்கள். அன்று முக்கிய முடிவுகள் எடுக்காதீர்கள், உடனே வண்டி ஓட்டாதீர்கள், மதுவைத் தொடாதீர்கள்.

48 மணி நேரத்துக்குப் பிறகும் தூக்கமின்மை, திரும்பத் திரும்ப வரும் காட்சிகள், தான் தன் உடலில் இல்லாதது போன்ற உணர்வு நீடித்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். சிகிச்சையாளரிடம் சொல்லி அடுத்த அமர்வில் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்த அமர்வுக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே கூட இருப்பவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள்.

முன்னேற்றத்தை அமர்வில் எவ்வளவு அழுதோம் என்பதால் அளக்காதீர்கள். வாரம் ஒருமுறை ஒரு நோட்டில் நான்கு வரி: எத்தனை மணி நேரம் தூங்கினேன், எத்தனை முறை காரணமில்லாமல் எரிந்துவிழுந்தேன், பதறியபின் தணிய எவ்வளவு நேரம் ஆனது, எதைத் தவிர்த்தேன். ஆறு அமர்வுக்குப் பிறகு எடுத்துப் பாருங்கள். தணியும் நேரம் குறைந்திருந்தால் தொடருங்கள். நான்கிலும் மாற்றமே இல்லையென்றால் முறையையோ ஆளையோ மாற்றுவது பற்றிப் பேசுங்கள்.

மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறேன். மாத்திரை உணர்ச்சியை அமுக்கிவிடும், நிறுத்திவிட்டு மூச்சுப் பயிற்சிக்கு வா என்கிறார்கள்.

நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு, உடலில் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வு வரலாம், நோயும் திரும்பலாம். அந்த அவதியை 'உணர்ச்சி வெளியேறுகிறது' என்று தவறாகப் படித்துவிடுவதும் நடக்கிறது. மாத்திரையோடு சேர்த்தே மெதுமூச்சைச் செய்யலாம், இரண்டும் ஒன்றையொன்று தடுக்காது. உணர்ச்சி மழுங்கிவிட்டதாகத் தோன்றினால் அது உண்மையான பக்கவிளைவாக இருக்கலாம். மருந்து எழுதித் தந்த மருத்துவரிடம் அதே சொற்களில் சொல்லுங்கள். அளவை மாற்றவும் வேறு மருந்துக்குப் போகவும் அவரிடம் வழி உண்டு. குறைப்பதானால் வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.